காதில் விழுந்ததா, கேட்டதா?

எங்கள் காலை நிகழ்ச்சியில் வியாழக்கிழமைதோறும் ஒன்றரை நிமிட அங்கம் ஒன்று உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்து, பேசும்போது காலை வாரிவிடும் இரண்டு ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டு அவற்றின் வேறுபாட்டைச் சொல்வேன். நெரிசலில் காருக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் இளையோர்தான் இதற்கு அதிகமாகப் புலனத்தில் எழுதுவார்கள். அலுவலகத்தில் "பாரோ மீ யுவர் சார்ஜர்" என்று கேட்டு மேலதிகாரியின் புன்னகைக்கு ஆளானவர்கள் அவர்கள். பேச்சு மலாயில் 'பிஞ்சாம்' என்ற ஒரே சொல் இரவல் வாங்குவதற்கும் ஓடும், கொடுப்பதற்கும் ஓடும். ஆங்கிலத்தில் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. இப்படித்தான் அந்த அங்கம் போகும்.

ஒரு வியாழனன்று 'ஹியர்', 'லிசன்' இரண்டையும் எடுத்தேன்.

அன்று ஒலிவாங்கியில் நான் சொன்னது ஏறக்குறைய இதுதான். 'ஹியர்' காதின் வேலை, 'லிசன்' மனத்தின் வேலை. மழை பெய்வதும் பக்கத்து வீட்டில் சண்டை நடப்பதும் நாம் விரும்பாவிட்டாலும் வந்து சேரும். அது ஹியர். செய்தியைக் கூர்ந்து கேட்பது நாமே முயன்று செய்வது. அது லிசன். தொலைபேசியில் குரல் தெளிவில்லை என்றால் "ஐ கான்ட் ஹியர் யூ". அங்கே லிசனுக்கு இடமில்லை. லிசன் வந்தால் அதன் பின்னால் 'டு' வர வேண்டும்: லிசன் டு மீ, லிசன் டு தி ரேடியோ. "நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்பதற்கு "ஐ ஆம் லிசனிங்" சரி. "நீங்கள் பேசுவது கேட்கிறது" என்பதற்கு "ஐ ஆம் ஹியரிங் யூ" என்று சொல்வதில்லை, "ஐ கேன் ஹியர் யூ". மின்னஞ்சலின் கடைசி வரியில் பலர் தடுக்கி விழும் இடமும் உண்டு. "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ" அல்ல, "ஹியரிங் ஃப்ரம் யூ".

முடிக்கும்போது நினைவில் நிற்க ஒரு குறிப்பும் கொடுத்தேன். முயெட் தேர்வில் இருப்பது லிசனிங் தாள். மருத்துவமனையில் செய்வது ஹியரிங் சோதனை. முன்னது புரிகிறதா என்று பார்க்கும், பின்னது காதில் விழுகிறதா என்று பார்க்கும். "தமிழில் இந்த வசதி இல்லை நேயர்களே, இரண்டுக்கும் 'கேள்' ஒன்றுதான்!" என்று சிரித்துவிட்டு, நேரத்தைச் சொல்லி, அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். பத்து நிமிடத்தில் பாராட்டுகள் குவிந்தன. எனக்கும் திருப்திதான்.

அந்த வார இறுதியில் தெலுக் இந்தானில் இருக்கும் அம்மா அப்பாவைப் பார்க்கப் போனேன்.

அப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் பழைய வேடிக்கைப் பேச்சு ஒன்று உண்டு. "உங்கப்பாவுக்கு வேண்டியது மட்டும்தான் காதுல விழும்" என்பது அம்மாவின் வாசகம். அம்மா சமையலறையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வாசலில் லோரி வந்து நின்றால் உடனே எழுந்து போவார். தொலைக்காட்சி எப்போதும் தெரு வரை கேட்கும். விருந்துகளில் எல்லாரும் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக. திருமண மண்டபத்துக்கு வரவே மாட்டேன் என்பார். "கூட்டம் எனக்கு ஆகாதும்மா" என்று காரணம் சொல்வார்.

வெளியே சொல்லாத மனக்குறை ஒன்று எனக்கு உண்டு. அண்ணன் பேசினால் அப்பா உடனே பதில் சொல்வார். நான் பேசினால் பாதி நேரம் "ம்" என்பதோடு சரி. மகன் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு மகள் சொல்லுக்கு இல்லை என்று பல வருடங்களாக நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். ஊரே என் குரலைக் கேட்கிறது, என் அப்பா மட்டும் கேட்பதில்லை என்று தோழிகளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அது முழுக்க வேடிக்கை இல்லை.

அன்று சனிக்கிழமை காலை அப்பா மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அம்மா உள்ளிருந்து, "என்னங்க, வரும்போது ஒரு கிலோ சீனி வாங்கிட்டு வாங்க" என்றார். அப்பா தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கிலோ மீனோடு வந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. "ஏம்பா, யார் பேச்சையும் கேட்கவே மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மீனைத் தொட்டியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

நான் சொன்ன அந்த வாக்கியத்தைப் பாருங்கள். 'பேச்சைக் கேட்பது' என்றால் நம் வழக்கில் கீழ்ப்படிவது. மலாயிலும் 'டெங்கார் சாக்காப்' என்றால் சொன்னபடி நடப்பது. ஆங்கிலத்தில் பிள்ளைகளைத் திட்டும் பெற்றோரும் லிசனைத்தான் எடுப்பார்கள், ஹியரை எடுக்க மாட்டார்கள். ஆக, மூன்று மொழியிலும் ஒரே குற்றச்சாட்டு. அப்பா லிசன் செய்வதில்லை என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து தீர்ப்பு எழுதி வைத்திருந்தோம்.

மாலையில் மனசு கேட்கவில்லை. கோப்பி கலந்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். சமாதானமாக ஏதாவது பேச வேண்டுமே என்று, "வியாழக்கிழமை என் நிகழ்ச்சி கேட்டீங்களாப்பா?" என்றேன். தினமும் ஆறு மணிக்கே சமையலறை வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

"கேட்டேனே."

"எப்படி இருந்துச்சு, அந்த ரெண்டு சொல்லு?"

அப்பா கோப்பியை ஆற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உன் குரல் நல்லாக் கேக்குது பாப்பா. சொல்லுதான் பிடிபட மாட்டேங்குது."

"வியாழக்கிழமை மட்டுமா?"

"நீ காலையில வர ஆரம்பிச்சதுல இருந்தே அப்படித்தான்."

நான் காலை நிகழ்ச்சிக்கு மாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடமாக ஒரு மனிதர் தினமும் காலையில் வானொலிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, புரியாத சொற்களுக்கு நடுவில் என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இதைச் சொல்லியிருக்கலாம்லப்பா?"

"நீ கேக்கலையே."

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. கேள்வி கேட்கவில்லை என்ற பொருளில்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது இரண்டு பொருளிலும் கேட்டது.

அடுத்த மாதம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் அழுக்கு அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒலி புகாத சிறிய அறையில் அப்பாவை உட்கார வைத்து, காதில் ஒலிப்பானை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஒலிப்பானும் ஒலி புகாத அறையும் என் தினசரி வாழ்க்கை. அதற்குள் அப்பா உட்கார்ந்து, பரீட்சை எழுதும் பையனைப்போல் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, வராத ஒலிக்காகக் காத்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு கவனமாக யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

முடிவை வரைபடமாகக் கொடுத்தார்கள். இடப்பக்கம் தாழ்ந்த அதிர்வெண், வலப்பக்கம் உயர்ந்த அதிர்வெண். அப்பாவின் கோடு 250, 500 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு மேலேயே போய், பிறகு மலைச்சரிவுபோல் இறங்கியது. செவித்திறன் பரிசோதகர் பொறுமையாக விளக்கினார். நம் பேச்சில் உயிர் ஒலிகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த பக்கம் இருக்கிறது. அதனால்தான் குரல் கேட்கிறது, சத்தம் கேட்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய மெய்யொலிகள், குறிப்பாக 'ஸ்', 'ஃப்' போன்றவை, உயர்ந்த பக்கம் இருக்கின்றன. அப்பாவுக்கு அந்தப் பக்கம் தேய்ந்துவிட்டது. சீனியில் முதல் ஒலி உதிர்ந்துவிட்டால் மிஞ்சுவது ஓர் 'ஈ'யும் ஒரு 'ன'வும்தான். மிச்சத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. அன்று அது மீனை நிரப்பியது.

"ஆண் குரல் கொஞ்சம் சுலபமாக எட்டும். பெண்கள், குழந்தைகள் பேசுவது சிரமமாக இருக்கும்" என்றார் அவர், வரைபடத்தைப் பார்த்தபடியே. அண்ணனுக்கு உடனே வரும் பதிலும் எனக்கு வரும் "ம்"மும் அந்தக் கோட்டில் இருந்தன. இத்தனை வருடம் பாசத்தின் கணக்கில் எழுதி வைத்திருந்ததை, ஹெர்ட்ஸ் கணக்கில் எழுதியிருக்க வேண்டும்.

என்ன வேலை செய்தீர்கள் என்று அவர் கேட்டார். செம்பனை ஆலையில் 31 வருடம். கொதிகலன், டர்பைன், கொட்டை உடைக்கும் இயந்திரம் என்று எந்நேரமும் இரைச்சல். சிறு வயதில் அப்பா வேலை முடிந்து வந்ததும் கத்திப் பேசுவது நினைவுக்கு வந்தது. "காதுல மாட்டக் குடுக்கலையா?" என்று கேட்டால், "பின்னாடி குடுத்தாங்க. மாட்டினா மண்டோர் கூப்புடறது கேக்காதே, கழுத்துல தொங்க விட்டுக்குவோம்" என்றார்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். மலேசியாவில் 1989ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த எல்லை 90 டெசிபல். 2019ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை 85 ஆக்கின. அப்போது அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். உட்காதில் ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய முடிச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோவின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆலையிலோ பட்டறையிலோ வேலை செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், வேலையில் இருக்கும்போதே சோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஆக, எங்கள் தீர்ப்பு தலைகீழானது. அப்பாவுக்கு இல்லாமல் போனது ஹியர். நாங்களோ அவரிடம் லிசன் இல்லை என்று வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தோம். வாய் அசைவைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பாதிச் சொல்லை வைத்து மீதியை ஊகித்து, நாள் முழுக்க அவர் லிசன் மட்டுமே செய்துகொண்டிருந்தார். அந்தக் களைப்பில்தான் அவருக்குக் கூட்டம் ஆகாமல் போயிருக்கிறது.

சரி, எனக்கு? சோதனை செய்தால் என் கோடு நேராகத்தான் இருக்கும். ஒலிபரப்பு அறையில் பின்னணி இசை ஒரு புள்ளி கூடினாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் அப்பா ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பதைப் பல வருடம் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

'கேள்வி' என்ற அதிகாரத்தில், 418ஆம் குறளில், வள்ளுவர் இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் சொல்கிறார். நல்ல சொற்களால் துளைக்கப்படாத காது, ஓசை கேட்டாலும் கேளாத காதுதான் என்கிறார். ஒரே 'கேள்' என்ற வினையை இரண்டு பொருளில் அடுத்தடுத்து வைத்து ஹியரையும் லிசனையும் அவர் பிரித்துக் காட்டிவிட்டார். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய குறள்தான். அன்றைய நிகழ்ச்சியில் தமிழுக்கு அந்த வசதி இல்லை என்று சொன்னவளும் நான்தான்.

அந்த வியாழனன்று வந்த பாராட்டுகளுக்கு நடுவே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒற்றை வரி அனுப்பியிருந்தார்: 'காதில் விழுவதும் காது கொடுப்பதும் ஒன்றா, மகளே?' அப்போது ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு மறந்துபோனேன். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில்தான் அதை மறுபடி திறந்து பார்த்தேன். விழுவது தானாக நடக்கிறது. கொடுப்பதை நாம்தான் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இரண்டு வினைச்சொல் என்றால், நம் பாட்டிமார் பேச்சிலேயே 'காதில் விழுந்துச்சா?' என்பதும் 'காது கொடுத்துக் கேளு' என்பதும் இருந்திருக்கின்றன.

அதோடு, தமிழ்க் 'கேள்' ஆங்கிலச் சொற்கள் இரண்டிலும் இல்லாத ஒன்றையும் வைத்திருக்கிறது. கேட்பது என்றால் வினவுவதும்தான். அப்பாவிடம் நான் செய்யாமல் விட்டது அதைத்தான். "என்னப்பா, பேசறது தெளிவா விழுதா?" என்ற ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே எல்லாம் தெரிந்திருக்கும்.

காது கேட்கும் கருவி மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதல் வாரம் அப்பாவுக்கு எரிச்சல்தான். காற்றாடி சத்தம், தட்டில் கரண்டி படும் சத்தம், பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதின. வருடக்கணக்காக வராத ஒலிகளை மூளை மறுபடி பழகிக்கொள்ள வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும் என்று பரிசோதகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கழற்றி இழுப்பறையில் போட்டுவிடாமல் தினமும் கொஞ்ச நேரமாவது மாட்டச் சொன்னார்.

எங்களுக்கும் பாடம் கொடுத்தார். கத்தாதீர்கள், கத்தினால் சொல்லின் வடிவம் இன்னும் கெடும். முகம் தெரியும்படி எதிரில் நின்று, சற்று நிதானமாகப் பேசுங்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிடாதீர்கள். பேசும்போது தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லிப் பாருங்கள். "அது ஒண்ணுமில்லை, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. நான் அதிகமாகச் சொல்லும் வாக்கியம் அது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் அப்பாவிடமிருந்து அழைப்பு. அவர் அந்த நேரத்தில் அழைப்பவர் இல்லை. பதறி எடுத்தேன்.

"பாப்பா, இன்னைக்கு முழுசாக் கேட்டேன்."

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நீ ரொம்ப வேகமாப் பேசறலா. பின்னால பாட்டு வேற ஓடுது. பாதி ஆளுக்கு விளங்காது."

பதினொரு வருட வானொலி வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அது. அன்றிலிருந்து அந்த அங்கத்துக்குப் பின்னணி இசை கிடையாது. இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு மூச்சு விடுகிறேன். ஒன்றரை நிமிடம் ஒன்றே முக்கால் ஆகிவிட்டது, தயாரிப்பாளர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறையிலோ பின்கட்டிலோ வானொலியை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கும் வேறு அப்பாக்களும் இருப்பார்கள் அல்லவா?

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவே கேட்டார்: "அன்னைக்கு என்னமோ ரெண்டு சொல்லு சொன்னேன்னியே, என்னது அது?"

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஹியர் என்றால் காதில் விழுவது, லிசன் என்றால் காது கொடுத்துக் கேட்பது என்று நிதானமாகச் சொன்னேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ எங்கிட்ட லிசன் இருந்துச்சு" என்றார். "ஹியர்தான் இல்ல."

"ஆமாப்பா" என்றேன். அதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிடத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு, எழுந்து கூடத்துக்கு வந்தார். அப்பாவுக்கு எதிரில் நின்று சொன்னார்:

"என்னங்க, சீனி தீர்ந்துபோச்சு."